பதினேழு

இறைச்சியில் ஈரம் நிற்கக் கூடாது.
எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது சமையல்காரர் இல்லை,
வடபாதிமங்கலம் கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர்.
அவர் பேசியது நெல்லைப் பற்றி.
ஒரு கை அள்ளி மிஷினில் போட்டார்,
எண் நிற்பதற்குள் உதட்டைப் பிதுக்கினார்:
“பத்தொம்போது. பதினேழுக்குக் கொண்டாங்க.”

ஐந்து நாளாகக் கொண்டுவருகிறோம்.
பகலெல்லாம் காலால் துழாவி வெயில் காட்டினால்
பதினேழரை.
ராத்திரி பனி வந்து அதை அழித்துவிட்டு
பத்தொன்பது என்று மறுபடி எழுதிப் போகிறது.

நேற்றுக் காவல் என் முறை.
இடுப்பு பிடித்துக்கொண்டதால்
டார்ச்சும் கம்பளியும் எடுத்துக்கொண்டு
அமலோற்பவம் கிளம்பிவிட்டாள்.
தார்ப்பாய்க்கு நாலு மூலை, அவளுக்கு இரண்டு கை.
ஆறரைக்கு அவள் தம்பி லூர்து போய் மாற்றிவிடுவான்.
அதனால்தான் இந்த அரைக் கிலோ.

கூத்தாநல்லூரில் ஜலீல் பாய் கேட்டார்,
“கொழம்புக்கா, வறுவலுக்கா?”
துண்டு போடாமல், கட்டை விரல் கனத்துக்கு, முழுசாக என்றேன்.
தராசுக்கு மேலாக என்னை ஒரு தரம் பார்த்தார்.
முதுகெலும்பை ஒட்டி ஒரு பட்டை உரித்து
“மாட்டுலயே வேலை செய்யாத கறி இதான்” என்றார்.
வேலை செய்தவளுக்குத்தான் பாய், என்று
சொல்ல வந்து சொல்லவில்லை.

உப்புப் போட்டு ஃப்ரிட்ஜில் திறந்தே கிடந்தது ராத்திரி முழுக்க.
காலையில் பழைய வேட்டிக் கிழிசலால்
ஒத்தினேன். திருப்பி ஒத்தினேன்.
டம்ளர் அடியால் மிளகை நசுக்கி அப்பினேன்.
தோசைக்கல் புகைந்தது. கடலை எண்ணெய் ஒரு வளையம்.

ஈரக் கறி அழுதுகொண்டே வேகும், நிறம் ஏறாது.
காய்ந்த கறி கல்லைத் தொட்டதும்
ஒரே ஒரு சத்தம். தெருநாய் எழுந்து நின்றது.

இனித் தொடக் கூடாது. அதுதான் சிரமம்.
ஐந்து நாளாகத் துழாவிப் பழகிய உடம்பு,
கரண்டியைத் தேடிக் கை தானாகப் போகிறது.
கையைக் கட்டிக்கொண்டு ஒன்றிலிருந்து நூறு எண்ணினேன்.
புரட்டினால் பழைய தேக்குக் கதவு நிறம்.
இன்னொரு நூறு, கொஞ்சம் அவசரமாக.

கறி தட்டில் ஆறட்டும்.
அதன் நெய்யில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய்,
நேற்றைய சோறு, அடிபிடிக்கும் வரை.
ரேஷன் சோறு.
எங்கள் நெல் தார்ப்பாய்க்கு அடியில் வியர்த்துக் கிடக்க
எந்த ஊரிலோ எவரோ பதினேழில் தாண்டவிட்ட நெல்
எங்கள் கல்லில் முறுகியது.

முட்டை இரண்டு, வாத்து முட்டை.
அறுத்த வயலில் பட்டி போட்டிருக்கும் ஆளிடம் வாங்கியது.
ஓரம் சலங்கையாகப் பொரியவேண்டும்,
நடுவில் மட்டும் ஈரம் இருக்கவேண்டும்.
இந்த வீட்டில் ஈரத்துக்கு நான் கொடுத்த ஒரே அனுமதி.

ஏழு அடித்து ஐந்து நிமிடம். வந்தாள்.
தலைமுடியில் பனி, கணுக்காலில் சுணைத் தடிப்பு.
கால் கழுவி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.
நாருக்குக் குறுக்கே அரிந்த கறியைச்
சோற்றின்மேல் அடுக்கி, முட்டையைக் கவிழாமல் இறக்கி,
பெரிய கும்பாவை அவள் முன் வைத்தேன்.
ஒரு துண்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.
எழுத்தர் குரலில்,
“பதினாறு. பாஸ்.”
பிறகு மஞ்சள் கருவைக் குத்தினாள், அது வழிந்தது.
“இது இருவத்தஞ்சு. கொண்டுபோய் காயவைங்க.”

அப்புறம் பேச்சில்லை.
கும்பாவின் அடி தெரியும் வரை
அவள் தின்கிற சத்தம் மட்டும்.
“நடுச்சாமத்துல பன்னி வந்துச்சு” என்றாள் ஒரு தரம்,
வாய் நிறைய.
வலது கையைக் கழுவாமலே சுவரோரம் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

வெளியே பனி இன்னும் விலகவில்லை.
ஒன்பதுக்குப் போய் தார்ப்பாய் நீக்கவேண்டும்.
லூர்துக்கென்று டிபன் டப்பாவில் எட்டுத் துண்டு வைத்திருந்தேன்.
மூடும்போது எண்ணினால் ஐந்து.
எடைக் குறைவு.
பட்டியலில் யார் பெயரை எழுத?