ஈரக் கழிவு

அறுபத்தோராம் பக்கத்தில் மூடுபனி என்று எழுதியிருக்கிறான்.
அன்றைக்கு மூடுபனி இல்லை.
உறைபனி.
குந்தா வரைக்கும் ஒரு துண்டு மேகம் கிடையாது.
புல்லை மிதித்தால் அப்பளம் நொறுங்கும் சத்தம்.
மேல் டிவிசன் கொழுந்தெல்லாம்
அடுப்பில் காட்டி எடுத்ததுபோல் கருகி நின்ற தை மாதம் அது.

மூடுபனி கதைக்கு வசதி போலிருக்கிறது.
யார் கை, யார் கழுத்து என்பது
அதில் கொஞ்சம் கலங்கலாகத்தான் தெரியும்.

மஞ்சூர் கிளை நூலகத்தில்
புதுவரவு அலமாரியில் இருந்தது.
நூலகர் போஜன் என் முகத்தைப் பார்க்காமல்
தேதி முத்திரை குத்தினார்.
பதினைந்து நாள் தவணை.

பின்னட்டையில் சவரிமுத்து. தாடி நரைத்துவிட்டது.
கோவை மத்திய சிறையில் பதினான்கு வருஷம்,
எழுதக் கற்றதே உள்ளே போய்த்தான்
என்று போட்டிருக்கிறார்கள்.
பொய்.
எங்கள் லைன் வீடுகளில் எல்லோருக்கும்
மனு எழுதித் தந்தவன் அவன்.
என் ரேஷன் கார்டு விண்ணப்பமும் அவன் எழுத்துதான்.

என் பெயரைச் செல்வராணி என்று மாற்றிவிட்டான்.
அவர் பெயரை மாற்றவில்லை.
பொன்னுரங்கம், பொன்னுரங்கம் என்று
பக்கத்துக்கு நாலு தடவை வருகிறார்.
பதினாறு வருஷமாக இந்த வீட்டில்கூட
இத்தனை தடவை அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

நிறைமாத மனைவி பறித்துக் கட்டிய மூட்டை என்கிறான்.
அது சரி. அதில் பிழையில்லை.

அறுபத்து நான்கில் நின்றுவிட்டேன்.
‘மூட்டைக்கு இரண்டு கிலோ
ஈரக் கழிவு பிடித்தான் அந்தத் தராசுக்காரன்.’
ராத்திரி ஒரு மணி வரை பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தேன்.
இரண்டு இல்லை.
மூன்று.
நோட்டில் நகல் எடுத்தது என் கை.
மூன்றாவது கிலோவில்தான்
சின்னவளுக்குக் கொலுசு வாங்கினோம்.

பதிப்பகத்துக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டேன்,
பெயர் எழுதாமல்.
பக்கம் 61, வரி 9: மூடுபனி அல்ல, உறைபனி.
பக்கம் 64, வரி 2: 2 கிலோ அல்ல, 3.
கார்டில் இன்னும் இடம் இருந்தது.
பக்கம் 66 பற்றி எழுதவில்லை.

அறுபத்தாறில் அவர்
‘அம்மா’ என்று அலறிச் சாகிறார்.
யாரையும் கூப்பிடவில்லை அவர்.
இடது கால் செருப்பு கழன்று
வாய்க்கால் ஓரம் கிடந்தது.
காலை நகர்த்தி நகர்த்தி அதைத் தேடினார்.
எடுத்துப் போட்டுவிட்டேன்.
வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்த செருப்பு.
அதற்குப் பிறகு தேடவில்லை.

அதற்குள் அவன்
கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு
ஸ்டேஷனுக்கு நடக்கத் தொடங்கியிருந்தான்.
அவனுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் பதிப்பு ஆடியில் வந்தது,
அட்டையில் ஏதோ விருதின் வட்டத்தோடு.
உறைபனி என்று இருக்கிறது.
மூன்று கிலோ என்று இருக்கிறது.
முன்னுரையின் கடைசியில்,
‘பிழை சுட்டிய மஞ்சூர் வாசகருக்கு நன்றி.’
வாசகர் என்றால் ஆணா பெண்ணா, படிப்பவர்களுக்குத் தெரியாது.
அவனுக்குத் தெரிந்திருக்கும்.
என் மூன்றுக்கு வால் நீளம்.
சம்பள நாள் தவறாமல் அந்த நோட்டை எட்டிப் பார்த்தவன்தானே.

அம்மா மட்டும்
அறுபத்தாறில் அப்படியே இருக்கிறாள்.

பழைய பதிப்பைத் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி
போஜனிடம் இரட்டிப்பு விலை கட்டினேன்.
ஒன்றும் கேட்காமல் ரசீது கிழித்தார்.

வாரிசு வேலையில் எனக்குக் கிடைத்ததும்
அதே ஷெட்தான், அதே கொக்கித் தராசு.
மூட்டை தூக்கி வருகிறவர்கள்
முள்ளைப் பார்ப்பதில்லை, என் உதட்டைப் பார்க்கிறார்கள்.
ஒன்றரை பிடிக்கிறேன்.
மழை நாளில் இரண்டு.