இடது நான்கு, வலது நான்கு, பிறகு கட்டைவிரல்கள்

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில்
ரஃபீக் பாய் எனக்கென்று ஒதுக்கி வைப்பார்:
அட்டையில் ஒரு பெண்ணின் முதுகு,
ஒரு சூட்கேஸ், தூரத்தில் ஏதோ ஒரு கோபுரம்.
முதுகுதான் எப்போதும். முகம் கிடையாது.
எண்பது ரூபாய்; படித்துத் திருப்பித் தந்தால்
நாற்பது கையில்.

அவளுக்குப் பதினாறு, மிஞ்சினால் பதினேழு.
வீட்டில் அப்பாவும் அம்மாவும் பிரிகிறார்கள்,
இல்லையென்றால் அத்தை ஒருத்தி
சாகும்போது கடிதம் எழுதி வைத்திருக்கிறாள்.
இரண்டாம் அத்தியாயத்தில் விமானம் இறங்கிவிடும்.
நான் வடாலாவில் ஏறினால்
குர்லா வருவதற்குள்
ஒருத்தி ரோமில் பையைத் தொலைத்துவிடுவாள்.
அங்கே பையைத் தொலைத்தால்
ஸ்கூட்டரில் ஒருவன் வருகிறான்.
நான் என் பையை நெஞ்சோடு அணைத்து
எட்டாம் நம்பர் பிளாட்பாரத்தில் இறங்கி
ஷேர் ஆட்டோவுக்கு ஓடுகிறேன்.

விசா மையம். கவுண்டர் பதினொன்று.
ஜெபக்கனி என்பது நீளமென்று
பெயர்ப்பட்டையில் ஜே. கனி ஆகிவிட்டேன்.
ஆறு மாத வங்கிக் கணக்கு, முத்திரையோடு.
அப்பாவின் சம்மதக் கடிதம். அம்மாவுடையதும்.
போட்டோவில் காது தெரியணும் மேடம்,
சிரிக்கக் கூடாது.
முதல் அத்தியாயத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே
ஒரு வெற்றுத்தாள் வருமே,
அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன்
ஒன்பதிலிருந்து ஐந்தரை வரை.

என்னிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது.
சிம் கார்டு வாங்கும்போது காட்டுவேன்.

ஜூன், மழை, பன்னிரண்டரை மணி.
ஹேத்வி என்றொரு பெண், வால்கேஷ்வரிலிருந்து.
அப்பாவின் சம்மதம் ஒரு தாளில்,
அம்மாவின் சம்மதம் இன்னொன்றில்,
இரண்டிலும் வேறுவேறு முகவரி,
வேறுவேறு நோட்டரி.
அத்தியாயம் ஒன்று என் கையில் இருந்தது,
ஸ்டேப்ளர் பின்னோடு.
கூட யாரும் வரவில்லை, ஒரு டிரைவரைத் தவிர.

அவள் பையின் ஓரத்தில்
நான் படிக்கும் அதே முதுகு, அதே சூட்கேஸ்.
என் பிரதியில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை;
அதனால்தான் ரஃபீக் பாய் எழுபதுக்குத் தந்தார்.
விண்ணப்பதாரரிடம் சொந்தப் பேச்சு கூடாது.
கேட்டேன், குரலைத் தாழ்த்தி, இந்தியில்:
"கடைசியில் அவள் திரும்பி வருகிறாளா?"
"இன்னும் பிரிக்கவே இல்லை தீதி.
ஃப்ளைட்டுக்காக வைத்திருக்கிறேன்."

இடது நான்கு. சிவப்பு.
மறுபடி. சிவப்பு.
விரல்களில் அத்தனை ஈரம், மழையால் அல்ல.
டிஷ்யூவில் ஒவ்வொன்றாகத் துடைத்தேன்,
சுண்டுவிரலில் நகம் கடித்துக் கடித்துச்
சதை வரை போயிருந்தது.
என் உள்ளங்கையை அவள் கைமேல் வைத்து அழுத்த
பச்சை வந்தது.
அடுத்த டோக்கன் எண் ஒலித்தது.

சாயங்காலம் பூட்டுமுன்
கருவியைச் சோதிப்பது எங்கள் பொறுப்பு.
இடது நான்கு, வலது நான்கு, பிறகு கட்டைவிரல்கள்.
பச்சை, பச்சை, பச்சை. தரம்: நன்று.
அழிக்கவா என்று கேட்கிறது,
தினமும் கேட்கிறது,
தினமும் ஆம் என்கிறேன்.
இன்று மட்டும் கொஞ்சம் தாமதித்தேன்.
சங்கீதா தாய் துடைப்பத்தோடு
காலைத் தூக்கச் சொன்னாள்.

திரும்பும் லோக்கலில் உட்கார இடமில்லை.
கதவோரம் நின்றபடி
அந்தப் பதினாறு பக்கத்தை நானே கட்டினேன்:
பையைத் தொலைத்தவள் புகார் கொடுக்கப் போகிறாள்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒருத்தி,
ஒன்பதிலிருந்து அங்கேயே இருப்பவள்,
மதிய டப்பா இன்னும் திறக்காதவள்.
ஸ்கூட்டர்காரனை வெளியே காக்க வைத்துவிட்டு
அவளுடைய முழுப் பெயரைக் கேட்கிறாள் இவள்.
அவள் சொல்ல ஆரம்பிக்கிறாள்.
நீளமான பெயர்.
சுன்னாபட்டி தாண்டியும் முடியவில்லை.