நான்காம் தரம்

டோல்கெத்லாய் சந்தையில்
வியாழக்கிழமை ஏலத்துக்குக் கணக்கு எழுதுபவள் நான்.
இருபத்திரண்டு வருடத்தில்
ஓர் ஆட்டை ஒரு முறைக்கு மேல் எழுதியதில்லை.

இன்று தகரக் கூரையில் வேல்ஸ் மழை.
ஏலக்காரர் இட்வல் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:
இந்தக் குட்டியை வாங்குகிறவர்
காசைக் கட்டிவிட்டுத் திருப்பித் தர வேண்டும்.
மறுபடி விற்போம்.
தூக்குவதற்குக் கை இருக்கும்வரை விற்போம்.

ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம்.
முந்நூறு பவுண்டு, ஆற்றோரப் பண்ணைக்காரர்.
திருப்பித் தந்தார்.
ஒரு தரம், இரண்டு தரம்,
நூற்றெண்பது, டீசல் விற்பவர். திருப்பித் தந்தார்.
வேலித் தகராறில் எட்டு வருடமாய்
கெத்தினோடு பேசாத ஹவெல்
அவன் முகத்தைப் பாராமல் ஐந்நூறு என்றான்.
திருப்பித் தந்தான். அப்போதும் பார்க்கவில்லை.

எங்கள் தொழிலில் எதுவும் மூன்றாம் தரத்தோடு முடிந்துவிடும்.
சுத்தியல் விழுந்தபின் பேச்சில்லை.
கெத்தினின் மகள் மாப்லியின் தலைக்குள் இருப்பதற்கு
லிவர்பூல் மருத்துவர் எழுதியிருந்தது
நான்காம் தரம்.
அந்தத் தாளை நகலெடுத்துக் கொடுத்தது நான்தான்.
உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மூன்று பிரதி.
மை தீர்ந்துகொண்டிருந்தது,
மூன்றாவதில் அவள் பெயர் பாதிதான் விழுந்தது.

ஆறு வயது அவளுக்கு.
கம்பிக்கு அந்தப் பக்கம், அப்பாவின் தோளில்,
இடது இமை பாதி இறங்கியபடி
எண்ணிக்கொண்டே இருந்தவள்
ஒன்பதாம் முறை குட்டி திரும்பி வந்ததும் கேட்டாள்:
ஏன் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள்?
அதற்கும் உடம்பு சரியில்லையா?

மூச்சு விடாமல் விலை உருட்டுகிற இட்வலின் நாக்கு
அப்படியே நின்றது.
ஹவெல்தான் தொண்டையைச் செருமினான்:
வேண்டாம் என்றில்லை, கண்ணு.
ஒருத்தனே வைத்துக்கொண்டால்
மற்றவனுக்கு முறை வராதே.

யோசித்தாள்.
பிறகும் ஏழு பேர் வாங்கினார்கள், தந்தார்கள்.
பிறகு அவள் கை தூக்கினாள்.
இரண்டு பவுண்டு.

ஒரு தரம், என்றார் இட்வல்.
நூறு பேர், இருநூறு கை,
அத்தனையும் சட்டைப்பைக்குள்.
இரண்டு தரம்.
ஹவெல் தன் கைமேலேயே உட்கார்ந்திருந்தான்.
மூன்று.

அவள் திருப்பித் தரவில்லை.

இரவு கூட்டிப் பார்த்தேன்.
வந்த ஆடு ஒன்று, விற்றது பதினேழு.
தணிக்கைக்காரர் கேட்பார். கேட்கட்டும்.
ஆறாயிரத்து நானூற்று இரண்டு பவுண்டு.
பாதி, மருத்துவமனைக்கு எதிரே
பெற்றோர் படுத்துக்கொள்ளும் அறைகளுக்கு
(கெத்தின் முதல் மாதம் காரில்தான் தூங்கினான்).
மீதி, கார்டிஃபில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு.
இது எத்தனை நாள் வரும் என்று போனில் கேட்டேன்.
அந்தப் பெண் பொய் சொல்லத் தெரியாதவள்.
செல்களை வளர்க்கும் திரவத்துக்கு மட்டும் என்றால்
ஐந்து வாரம், என்றாள்.

ஐந்து வாரம் என்று எழுதினேன்.
ஆறாவதுக்குக் கட்டம் போட்டு
காலியாக விட்டிருக்கிறேன்.