பன்னிரண்டு புள்ளி ஆறு

மட்டக்குளியில் பஸ்ஸை விட்டிறங்கி
மதிலோடு நடந்தால்
ஆறு கடலில் விழுகிற மணம் முதலில் வரும்,
பிறகு பிரசன்னவின் யார்ட்.
டயரில்லாத லொறிக்கும் கவிழ்த்த படகுக்கும் நடுவில்
எங்கள் றெயிலர்
தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு
செங்கல் அடுக்குகளில் நிற்கிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு.
பையில் மீற்றர், வாசலின், பழைய பல்தூரிகை,
பெற்றோல் செட்டில் வாங்கிய வடிநீர் ஒரு போத்தல்.
நீ போன பிறகு இது பதினேழாவது தடவை, றிஸ்மியா.

முதலில் கறுப்பு வயரைக் கழற்ற வேண்டும்.
சிவப்பில் தொடங்கினால் ஸ்பானர் இரும்பில் பட்டுப்
பொறி பறக்கும்.
நீதான் சொல்லித் தந்தாய்,
பொறி பறந்த பிறகு.

முனைகளில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருக்கும்.
உப்புக்காற்றின் வேலை.
அப்பச்சோடா தூவினால் அப்பம் போலவே நுரைக்கிறது.
ஆறு மூடிகள், ஆறு குட்டிக் கிணறுகள்.
தகடு மூழ்கும்வரை தண்ணீர், அதற்கு மேல் ஒரு விரல்கூட வேண்டாம்.
குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது.
ஒருமுறை அமிலம் என் சுடிதாரில் தெறித்தது.
தோய்த்துக் காயப்போட்டபோதுதான் ஓட்டை தெரிந்தது.
சில பேச்சுகளும் அப்படித்தான் என்று
உனக்கு எழுதி
அழித்துவிட்டேன்.

கடைசியில் மீற்றர். எண்ணை மட்டும் அனுப்புவேன்.
12.6
தோஹாவிலிருந்து நீலச் சரி இரண்டு விழும்.
எங்களுக்குள் மிச்சமிருக்கிற கடிதப் போக்குவரத்து
இவ்வளவுதான்.

அறுகம்பேக்கு ஏழு பயணம் போனது.
எட்டாவதுக்கு டீசல் இல்லை.
மூன்று நாள் வரிசை, கையில் இருநூற்றுப் பதினாலாம் இலக்கம்.
'வித்துப்போடு' என்று நீ,
'விக்கமாட்டன்' என்று நான்,
முன்னால் நின்ற ஓட்டோக்காரன் எங்களுக்குப் பிளேன்ரீ வாங்கித் தந்தான்.

சும்மா கிடக்கிற பற்றறி தூங்குவதில்லை.
கழற்றி வைத்தாலும் தன்னையே தின்னும்,
இந்தக் கொழும்பு வெக்கையில் இன்னும் அவசரமாக.
பன்னிரண்டுக்குக் கீழே நெடுநாள் விட்டால்
தகட்டில் உப்பு இறுகிவிடும்.
பிறகு எந்தச் சார்ஜராலும் எழுப்ப முடியாது.

யூனில் 12.4. யூலையில் 12.1.
இரண்டு முறையும் 12.6 என்றுதான் அனுப்பினேன்.
நீலச் சரி விழுந்தது.

இன்றைக்குத் தேடினேன்.
மெயின் சுவிட்ச் அணைந்தே இருக்கிறது.
ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்,
அப்போதும் மீற்றரில் ஏதோ ஊர்ந்தது.
எறும்பளவு மின்.
சுவிட்சுக்குத் தெரியாமல் ஒரு வயர்,
சிவப்பு ரேப் மூன்று சுற்று, உன் கட்டு,
அலுமாரிக்குப் பின்னால் ஏறி
அடுப்புக்கு மேலே முடிந்தது.

அந்தப் பச்சை மணிக்கூடு.
பிழையான நேரம் காட்டுகிறது, திருத்த வேண்டும் என்று
ஒவ்வொரு ஞாயிறும் நினைத்து அலுப்பில் விட்டது.
என் கையில் பதினொன்று ஐம்பது.
அதில் ஒன்பது இருபது.
விரல் விட்டு எண்ணினேன்.
இரண்டரை மணித்தியாலம்.
போவதற்கு முதல் நாள் சாமான் எடுக்க வந்தாயே,
அரை மணி நேரம் உள்ளே என்ன செய்தாய்
என்று நான் கேட்கவில்லை.

வெட்டுக்குறடு கையில்தான் இருந்தது.

கூரையில் ஒரு சோலர் பலகை, புத்தகமளவு.
இத்தனை காலமும் அதுதான் மணிக்கூட்டுக்குச் சோறு போட்டிருக்கிறது.
யூனில் ஒழுகுகிறதென்று பிரசன்ன புதுத் தார்ப்பாய் போர்த்த
இருட்டுக்குள் போய்விட்டது.
ஏணி வைத்து ஏறி
பலகையளவு ஒரு சதுரம் வெட்டினேன்.
'பிஸ்ஸுத நங்கி?' என்று கீழேயிருந்து கத்தினான்.
புதுத் தார்ப்பாய், அவன் காசு.

வெயில் விழுந்ததும் மீற்றர் பதின்மூன்றைத் தொட்டது.
அது வெயிலின் கணக்கு, பற்றறியின் கணக்கல்ல.
உனக்கு 12.1 என்று அனுப்பினேன்.
போன மாதமும் அதுதான் என்று இன்னொரு வரி.
சாம்பல் சரி ஒன்று.
அங்கே ஒன்பதே முக்கால், வேலையில் நிற்பாய்.

மழை வந்தால் வெட்டின இடம் ஒழுகும்.
உள்ளே ஒரு வாளி வைத்திருக்கிறேன்.