புழுவெட்டு

பிடரிக்குப் பின்னால் கண்ணாடி பிடித்து
"புழுவெட்டு டே" என்றான் தக்கலை ரெசாலம்.
என் தலையில் ஓடிய சீப்பை மட்டும்
தனியாகக் கழுவினான்.

பத்து ரூபாய் நாணயம் அளவு.
வண்டியில் நான் நீட்டினால்
எவரும் வாங்காத அதே நாணயம்.

ராத்திரிதோறும் சின்ன உள்ளி அறுத்துத் தேய்த்தாள் ரெஜிலா.
தலையணை சாம்பார் மணத்தது.
காதருகே இரண்டாவது விழுந்தது,
பிறகு தாடியில் ஒரு சில்லறை.

பதினெட்டு வருஷம் நின்றுகொண்டே
உட்கார்ந்தவர் உச்சிகளைப் பார்த்த கண்டக்டர் நான்.
இரட்டைச் சுழி, சாயம் போன வகிடு,
பிச்சிப்பூவுக்கு அடியில் ஊரும் பேன்.
ஒருவரிடமும் சொன்னதில்லை.

நாகர்கோவிலில் நான் உட்கார்ந்தேன்,
டாக்டரம்மா நின்றாள்.
"ஒட்டுவாரொட்டி இல்லை.
உங்க உடம்புக்கே உங்க முடி
அன்னியமாத் தெரியுது."
பதினோரு ஊசி. எண்ணினேன்,
தொழில் புத்தி.

மூன்றாம் மாதம், சுங்கான்கடை தாண்டி,
அம்மா தோளில் கிடந்த பயல் ஒருவன்
"மாமா, உங்களுக்கு அங்க மட்டும்
தாத்தா முடி" என்றான்.

தொட்டுப் பார்த்தேன்.
பூனைமயிர் மாதிரி நாலைந்து.

விசில் அடிக்க மறந்துபோனேன்.
வில்லுக்குறியில் இறங்க வேண்டியவர்
என் அப்பன்வரை போய் ஏசினார்.
ஏசட்டும்.