முழுதும் குடி

இங்கே கிணறு என்றால்
முற்றத்தில் முழங்கால் உயரம் நிற்கும் இரும்புக் குழாய்.
எட்டிப் பார்த்தால் முகம் தெரியாது.
நூற்றுப் பத்தடிக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை,
பாறையில் விரிசல்,
விரிசலில் எங்கள் தண்ணீர்.

செவ்வாய்க்கிழமைத் தபாலில் தாள் வந்தது.
கோலிஃபார்ம்: உண்டு.
ஈ.கோலி: உண்டு.
கோரின் படித்தாள். ஒன்றும் பேசாமல்
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்,
டெல்லா வரைந்த குதிரைக்குப் பக்கத்தில்.

மூன்று வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவளை
பள்ளிக்கு மட்டம் போட நடிக்கிறாய் என்று
பஸ் ஏற்றி அனுப்பியவன் நான்.
அனுப்புமுன் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தேன்.
முழுதும் குடி என்றேன்.

மூடியில் நான்கு போல்ட்.
மூன்று கழன்றன, ஒன்று முறிந்தது.
அடியில் இடுக்கிவால் பூச்சிகள், ஒரு முழுக் குடித்தனம்,
வெளிச்சம் பட்டதும் சிதறின.
வாசனை சேர்க்காத பிளீச்சை வாளியில் கரைத்து ஊற்றினேன்.
தோட்டத்துக் குழாயை உள்ளே விட்டு
கிணற்றுத் தண்ணீராலேயே கிணற்றின் சுவரைக் கழுவினேன்,
ஒரு மணி நேரம், சுற்றிச் சுற்றி,
ஏரிக்காற்றில் கை மரத்துப்போகும் வரை.

வீட்டுக்குள் ஒவ்வொரு குழாயாகத் திறந்து
முகர்ந்து பார்ப்பது டெல்லாவின் வேலை.
"நீச்சல் குளம்!" என்று கத்துவாள்.
மூடுவோம். அடுத்த குழாய்.
"நீச்சல் குளம்!"

அன்றிரவு ஹார்லன் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவந்தார்.
உங்கள் கிணற்றைச் சோதித்தீர்களா என்று கேட்டேன்.
தாள் வந்தால்தானே பயம் என்றார்.
அவர் வீட்டுக்குக் கீழேயும் இதே பாறைதான்.
கேன்களை வாசலிலேயே வைத்தோம்.
கை கழுவ ஆயிற்று.

பிப்ரவரியில் பண்ணையின் சாணக்குழி நிரம்பி வழிந்தது.
நிலம் இறுகிக் கிடந்தது, மேலே ஒரு முழம் பனி.
தெளித்துவிடு என்றார் முதலாளி.
டேங்கர் லாரியை ஓட்டியவன் நான்.
வெள்ளை வயலில் பழுப்புக் கோடுகள் நேராக விழுந்தன.
என் கோடுகள் எப்போதும் நேராக விழும்,
அதில் எனக்குப் பெருமையும் உண்டு.
பனி உருகினால் இது எங்கே போகும் என்று
நான் கேட்கவில்லை.
கோரினும் இன்றுவரை கேட்கவில்லை.
என் வேலை உடுப்பை மட்டும்
டவுனில் காசு போட்டுத் துவைத்து வருகிறாள்.

மறுநாள் முழுக்கத் தண்ணீரைச் சாலையோரப் பள்ளத்தில் விட்டோம்.
முதலில் துரு நிறம்.
பிறகு கறுப்பாக, தோல் உரிந்தாற்போல் துணுக்குகள்.
மாலைக்குத் தெளிந்தது.
அங்கே புல் மட்டும் வெளுத்துப்போனது.

தண்ணீரைப் பழிக்கக் கூடாதாம்.
நான் பழிக்கவில்லை.
அது கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுத்தது.

இரண்டு வாரம் கழித்து இரண்டாம் தாள்.
இல்லை. இல்லை.
அதையும் குதிரைக்குப் பக்கத்தில் ஒட்டினோம்.
டெல்லா இன்னும் கடைத் தண்ணீர்தான் குடிக்கிறாள்.
நான் வற்புறுத்துவதில்லை.
ராத்திரிச் சாப்பாட்டில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து
குழாயில் பிடித்த டம்ளரை எடுக்கிறேன்.
அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு
என் தொண்டையையே பார்க்கிறாள்,
கடைசிச் சொட்டு இறங்கும் வரை.

இந்த வருஷக் குழி
இப்போதே பாதிக்கு மேல் ஏறியிருக்கிறது.