சிப்பம் நாற்பத்தொன்று

உத்தரவு வாட்ஸப்பில் வந்தது,
இரவு பதினொன்றே காலுக்கு.
இரண்டு தவணை ஊசிச் சான்று இல்லாத எவரையும்
கொள்முதல் நிலையத்துக்குள் விடலாகாது.
கீழே மேலாளரின் கையெழுத்து,
கோழி கிளறிய குப்பை போல.
நான் பருவகாலப் பட்டியல் எழுத்தன்.
தை பிறந்தால் வேலை, பங்குனி போனால் வீடு.
அச்செடுத்து, சோற்றுப் பருக்கை தேய்த்து
தகரக் கதவில் ஒட்டினேன்.

செங்கமலம் ஒன்பது மணிக்கு வந்தாள்.
நாலு நாளாக அவள் நெல்
பாமணியாற்றுக் கரையோரம்
தார்ப்பாய்க்கடியில் புழுங்கிக் கிடந்தது.
டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு. இன்று அவள் முறை.
ஈரப்பதம் பதினாறரை. தேறிவிட்டது.
முத்துப்பேட்டைப் பக்கம் வானம்
கழுவாத அண்டா மாதிரி.

“போட்டாச்சு தம்பி, ரெண்டும் போட்டாச்சு.
பள்ளிக்கூடத்துல, நாவமரத்தடியில.
ரெண்டாவதுக்கு மூணு நாள் காய்ச்சல்.
நடவுக்குப் போவல, கூலி போச்சு.
அந்தக் காய்ச்ச எழுதிக்கக் கூடாதா?”

நூறு நாள் வேலையில் பேரெழுதும் அருள்மேரி
தன் நம்பரைக் கொடுத்துப் பதிந்தாளாம்.
அருள்மேரி இப்போது திருப்பூரில்.
மதகின் மேல் ஏறி நின்றால்தான்
சிக்னல் ஒரு கோடு.
ஏறினாள். கத்தினாள். வந்தது.
என் போனில் திறந்தேன்:
செங்கமலை. ஆண். வயது இருபத்துநாலு.
பச்சை எழுத்தில் வாழ்த்து வேறு.

சிரித்திருக்கலாம்.
ஆனால் நான் உட்கார்ந்திருப்பது
ஞானசேகரனின் நாற்காலி.
கணக்கு முடியட்டும், அப்புறம் ஊசி என்றவர்.
வைகாசியில், திருவாரூர் ஆஸ்பத்திரியில்,
விரல்நுனியில் மாட்டிய எண்
இறங்கி இறங்கி நின்றுபோனது.
பழைய பதிவேடு முழுக்க அவர் எழுத்து.
ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார்.
அந்தத் தாளைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை.

செங்கமலம் இடது ரவிக்கைக் கையை ஏற்றினாள்.
தோளுக்குக் கீழே எட்டணா அகலத்தில்
சுருங்கின தோல். அம்மைக்குக் குத்தியது.
“அப்பல்லாம் இதக் காமிச்சா போதும்.
தொலையவும் தொலையாது.”

லோடுமேன்கள் சும்மா நின்றார்கள்.
ராயப்பன் மட்டும் தன் தோளைத்
தடவிப் பார்த்துக்கொண்டான்.

முதல் துளி உத்தரவின் மேலேயே விழுந்தது.
மை ஊறுவதற்குள் இன்னொரு தரம் படித்தேன்.
எவரையும் என்றுதான் இருந்தது.
எதையும் என்று இல்லை.

“நெல்ல உள்ள தூக்குங்கடா.
அந்தம்மா வெளியவே நிக்கட்டும்.”

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன்.
முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு
எடைமேடை தெரியும் இடமாகப் பார்த்து
கம்பிவலையைப் பிடித்து நின்றாள்.
ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும்படி
எண்ணத் தொடங்கினாள்:

லாபம்.
ரெண்டு.
மூணு.

இங்கே சிப்பத்துக்கு ஒரு கிலோ
கூடப் பிடிப்பது வழக்கம்.
யார் வழக்கம் என்று யாரும் கேட்பதில்லை.
அன்றைக்கு ராயப்பன் கை
ஒரு பிடிகூட மிகையாய் அள்ளவில்லை.
மழை தகரத்தில் கொட்ட, அதற்கு மேலே
அவள் குரல்,
பதினெட்டு, பத்தொம்போது,
ஒவ்வொரு மூட்டைக்கும் முதுகில் தட்டுவது போல.

முடிந்தபோது என் தாளில் நாற்பது.
வெளியே நாற்பத்தொன்று.

எழுந்து போய்ப் பார்த்தேன்.
தூற்றும் இயந்திரத்துக்குப் பின்னால்
ஒரு சிப்பம், தனியாக,
யாரோ மறந்துவிட்ட மாதிரி.
நான் ராயப்பனைப் பார்க்கவில்லை.
அவனும் என்னை.

அடித்துத் திருத்தி
ரசீதைக் கம்பி வழியே நீட்டினேன்.
செங்கமலம், பெண், சிப்பம் நாற்பத்தொன்று.
பதிவேட்டுக்கு வயது மட்டும் வேண்டும், கேட்டேன்.

“அதான் இருபத்துநாலுன்னு போட்டிருக்கே”
என்றாள்,
காகிதத்தை நனையாமல் மடித்து
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டே.